அப்பாவின் கால்புண்ணில் பாக்டீரியாவை ஊற்றலாமா?

வாசகியின் கடிதம்: என் அப்பாவுக்கு 67 வயது. 18 வருடமாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. வலது பாதத்தின் அடியில், கட்டைவிரலுக்குக் கீழே, ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு புண். ஐந்து மாதமாக ஆறவில்லை. வலி இல்லை என்கிறார். தினமும் கழுவி, நியோஸ்போரின் பவுடர் தூவிக் கட்டுப் போடுகிறேன். இரண்டு தடவை ஆன்டிபயாடிக் மாத்திரை சாப்பிட்டார். குறைவது போலக் குறைந்து, மறுபடி பழைய நிலைக்கே வந்துவிட்டது. சில நாள் கட்டுத்துணியில் பச்சைக் கறை தெரிகிறது. சர்ஜன் பார்த்துவிட்டு, "பயோபிலிம் படிந்திருக்கிறது, வாராவாரம் சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டும்" என்றார். அப்பா பயந்துபோய் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சில நல்ல பாக்டீரியாக்களே பயோபிலிமைக் கரைக்கும் இயற்கைப் பொருள்களை உண்டாக்குகின்றன என்று படித்தேன். அந்த மருந்து கடையில் கிடைக்குமா? குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் கொடுக்கும் பாக்டீரியாக் குப்பியை உடைத்துப் புண்ணில் ஊற்றலாமா? தயிர் வைத்துக் கட்டச் சொல்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. இயற்கையானதுதானே, கெடுதல் ஒன்றும் வராதே?

மருத்துவ நுண்ணுயிரியல் நிபுணரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அவசரமான இரண்டை முதலில் சொல்லிவிடுகிறேன். குப்பியையும் தயிரையும் புண்ணில் ஊற்ற வேண்டாம். சர்ஜன் சொன்ன சுத்தத்துக்கு அப்பாவை இந்த வாரமே அழைத்துப் போங்கள். மற்றதை நிதானமாகச் சொல்கிறேன். நீங்கள் படித்ததில் பெரும்பகுதி உண்மை. நான் வேலை செய்யும் துறையே அதுதான். அதனால் "இணையத்தில் படித்ததை நம்பாதீர்கள்" என்று ஒரு வரியில் முடித்துவிட மனம் வரவில்லை.

பாக்டீரியாவிலிருந்து வந்த மருந்து கடையில் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஐந்து மாதமாக அதைத்தான் நீங்கள் தூவிக்கொண்டிருக்கிறீர்கள். நியோஸ்போரின் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். பாலிமிக்சின் பி, நியோமைசின், பேசிட்ராசின் என்று மூன்று பெயர்கள் இருக்கும். மூன்றுமே பாக்டீரியாக்கள் தங்கள் பக்கத்தில் இருக்கும் வேறு கிருமிகளை ஒழிக்கச் சுரக்கும் பொருள்கள். நியோமைசினை மண்ணில் வாழும் ஒரு ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியாவிலிருந்து 1949-இல் அமெரிக்காவில் வாக்ஸ்மனும் லெஷவாலியேவும் பிரித்தெடுத்தார்கள். பாலிமிக்சினும் ஒரு மண் பாக்டீரியாவிடமிருந்து வந்ததுதான், 1947-இல் கண்டறியப்பட்டது. மூன்றாவதான பேசிட்ராசினின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. அது கிடைத்ததே ஒரு கால்புண்ணிலிருந்து.

1943-இல் நியூயார்க்கில், எலும்பு முறிந்து காயமான காலோடு 7 வயதுச் சிறுமி ஒருத்தி மருத்துவமனைக்கு வந்தாள். குடும்பப் பெயர் ட்ரேசி. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பால்பினா ஜான்சன் என்ற நுண்ணுயிரியலாளர் அந்தக் காயத்திலிருந்து எடுத்த மாதிரியை வளர்த்துப் பார்த்தார். நேராகத் தட்டில் தேய்த்தபோது சீழ் உண்டாக்கும் ஸ்டாஃப் கிருமி இருந்தது. அதே மாதிரியை ஒரு இரவு திரவ ஊடகத்தில் வைத்துவிட்டுப் பார்த்தபோது அதைக் காணோம். கூடவே இருந்த ஒரு பேசில்லஸ் பாக்டீரியா அதைத் தீர்த்துக்கட்டியிருந்தது. அந்தப் பாக்டீரியா சுரந்த பொருளுக்கு, பேசில்லஸ், ட்ரேசி இரண்டையும் சேர்த்துப் பேசிட்ராசின் என்று பெயர் வைத்தார்கள். கிருமிகள் மொய்த்த ஒரு புண்ணுக்குள்ளேயே மருந்தும் இருந்திருக்கிறது. 80 வருடம் கழித்து அதுவே உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது.

அப்படியானால் அப்பாவின் புண்ணில் அது ஏன் வேலை செய்யவில்லை? பயோபிலிம்தான் காரணம்.

வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். பல மாதம் கழுவாமல் விட்டால் உட்சுவரில் ஒரு வழவழப்பு பிடிக்கும். அதைத் தேய்க்காமல் மேலே ப்ளீச்சிங் பவுடரை மட்டும் கொட்டினால் தண்ணீர் தெளிந்த மாதிரி இருக்கும். நான்கு நாளில் நாற்றம் திரும்பிவிடும். தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்த பிறகு போடும் ப்ளீச்சிங்தான் வேலை செய்யும். அந்த வழவழப்பு ஒரு பயோபிலிம். ஆறாத புண்ணின் மேல் படிவதும் அதே இனம், கண்ணுக்கு எப்போதும் தெரியாது என்பதுதான் வேறுபாடு. 2008-இல் வந்த ஒரு ஆய்வில், நாள்பட்ட புண்கள் 50-ஐ மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது 30-இல் பயோபிலிம் இருந்தது. புதிதாக ஏற்பட்ட காயங்கள் 16-இல் ஒன்றில்தான் இருந்தது.

இந்தப் படலத்துக்குள் பாக்டீரியாக்கள் கூட்டமாக உட்கார்ந்து, தங்களைச் சுற்றிச் சர்க்கரைச் சங்கிலிகள், புரதம், செத்த செல்களிலிருந்து சிந்திய டி.என்.ஏ. ஆகியவற்றால் ஒரு கூழைக் கட்டிக்கொள்கின்றன. அந்தக் கூழின் பெரும்பகுதிக்கு எதிர்மின்னேற்றம் உண்டு. நியோமைசினும் பாலிமிக்சினும் நேர்மின்னேற்றம் கொண்டவை. அதனால் உள்ளே போகும் வழியிலேயே கூழில் ஒட்டிக்கொண்டு, ஆழத்துக்குக் கொஞ்சமே போய்ச் சேருகின்றன. போய்ச் சேர்ந்தாலும், அடியில் இருக்கும் பாக்டீரியாக்களில் ஒரு பகுதி உணவும் ஆக்ஸிஜனும் குறைந்து தூங்கும் நிலையில் கிடக்கும். பேசிட்ராசின் பாக்டீரியா தன் சுவரைக் கட்டுவதைத் தடுக்கும் மருந்து. சுவரே கட்டாமல் தூங்குகிறவனை அது என்ன செய்யும்? மாத்திரை சாப்பிட்டபோது குறைந்து மறுபடி வந்ததே, அதற்கும் இதுதான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். மேலே அலைந்துகொண்டிருந்த கிருமிகள் செத்தன. உள்ளே தூங்கியவை மருந்து நின்றதும் எழுந்துகொண்டன. தனித்தனியாக மிதக்கும் பாக்டீரியாவைக் கொல்லும் அளவைப் போல நூறு மடங்கு, சில சமயம் ஆயிரம் மடங்கு மருந்தையும் படலத்துக்குள் இருப்பவை தாங்கும். அவ்வளவு மருந்தை மனித உடம்புக்குள் செலுத்த முடியாது.

கட்டுத்துணியில் பச்சைக் கறை என்று எழுதியிருந்தீர்கள். அது பெரும்பாலும் சூடோமோனாஸ் கிருமியின் நிறமி. பயோபிலிம் கட்டுவதில் அது பெயர்போனது. பேசிட்ராசினும் அதனிடம் எடுபடாது, ஏனென்றால் அதன் மேல் இன்னொரு வெளிச்சவ்வு உண்டு. இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. பாக்டீரியா சுரக்கும் பொருளை மருந்தாக மனிதருக்குக் கொடுத்துப் பார்த்த முதல் முயற்சிகளில் ஒன்று இதே பச்சைக் கிருமியை வைத்துத்தான் நடந்தது. 1899-இல் ஜெர்மனியில் எம்மெரிஷ், லோவ் என்ற இருவர் அதன் சாற்றுக்குப் பயோசயனேஸ் என்று பெயரிட்டு, வேறு கிருமிகளுக்கு எதிராகப் பயன்படுத்தினார்கள். ஒரு தயாரிப்பு வேலை செய்தது, அடுத்தது செய்யவில்லை, பக்கவிளைவும் இருந்தது. அதனால் கைவிடப்பட்டது. உங்கள் அப்பாவின் புண்ணில் இருப்பவையும் ஒன்றோடொன்று இப்படித்தான் சண்டை போட்டுக்கொண்டிருக்கும். அந்தச் சண்டையில் நாம் வெளியிலிருந்து இன்னொரு ஆளை இறக்கினால் அவன் நம் பக்கம்தான் நிற்பான் என்று எந்த உறுதியும் இல்லை.

இனி குப்பி விஷயம். நீங்கள் படித்தது அநேகமாகத் தாய்லாந்து ஆய்வாக இருக்க வேண்டும். அங்கே கிராமத்து மக்கள் 200 பேரைச் சோதித்து 2018-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். குடலில் பேசில்லஸ் இருந்த ஒருவரிடம் கூட ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ், அதாவது மேலே சொன்ன அதே ஸ்டாஃப் கிருமி, இல்லை. பேசில்லஸ் சுரக்கும் ஃபென்ஜைசின் என்ற பொருள், ஸ்டாஃப் கிருமிகள் தங்களுக்குள் அனுப்பும் ரசாயனச் செய்தியை மறித்துவிடுகிறது. செய்தி கிடைக்காத ஸ்டாஃப் குடலில் நிலைக்க முடியவில்லை. 2023-இல் அடுத்த கட்டமாக, ஆரோக்கியமான 115 பேரை வைத்துச் சோதனை நடந்தது. நான்கு வாரம் பேசில்லஸ் சப்டிலிஸ் சாப்பிட்டவர்களின் மலத்தில் ஸ்டாஃப் 96.8 சதவீதமும், மூக்கில் 65.4 சதவீதமும் குறைந்தது. இந்த முடிவைப் படித்த அன்று நானும் மிகவும் சந்தோஷப்பட்டேன். ஒரு கிருமியைக் கொல்லாமல், அதன் பேச்சை மட்டும் நிறுத்தி வெளியேற்ற முடியும் என்பது சாதாரண விஷயமில்லை.

ஆனால் அது நல்ல உடல்நிலையில் உள்ளவர்களின் குடலிலும் மூக்கிலும் ஒட்டியிருந்த கிருமி. வாய்வழியாகச் சாப்பிட்டார்கள். யாருடைய புண்ணிலும் ஊற்றவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதை வெளியே யாரும் அதிகம் சொல்வதில்லை. ஸ்டாஃப் கிருமியின் அதே செய்திதான் அதன் பயோபிலிமைக் கலைந்துபோகச் செய்யும் உத்தரவும் ஆகும். இது 2008-இலேயே காட்டப்பட்டுவிட்டது. அதாவது, குடலில் அந்தச் செய்தியை மறித்தால் நமக்கு லாபம், ஏற்கெனவே படலம் கட்டி உட்கார்ந்திருக்கும் புண்ணில் மறித்தால் அது இன்னும் கெட்டியாக உட்கார்ந்துகொள்ளலாம். ஒரே பொருள், இரண்டு இடத்தில் இரண்டு விளைவு. குப்பியில் இருக்கும் பேசில்லஸ், தாய்லாந்தில் கொடுத்த அதே வகையும் இல்லை. சர்க்கரை நோயால் எதிர்ப்புச் சக்தி குறைந்த ஒருவரின் திறந்த புண்ணில் உயிருள்ள பாக்டீரியா வித்துகளைக் கோடிக்கணக்கில் விட்டால் அவை ரத்தத்துக்குள் போகவும் வாய்ப்புண்டு. குப்பி வயிற்றுக்கானது, வயிற்றோடு இருக்கட்டும்.

தயிரைப் பற்றியும் பக்கத்து வீட்டு அக்கா சொன்னது முழுக்கக் கற்பனை இல்லை. பாலைப் புளிக்க வைக்கும் லாக்டோகாக்கஸ் வகையில் ஒன்று நைசின் என்ற பொருளைச் சுரக்கிறது. பாலாடைக்கட்டி கெடாமல் இருக்க உலகம் முழுவதும் அதைச் சேர்க்கிறார்கள். ஆனால் பச்சைக் கறை உண்டாக்கும் சூடோமோனாஸை நைசின் தனியாக ஒன்றும் செய்யாது, வெளிச்சவ்வு தடுத்துவிடும். வீட்டுத் தயிரில் என்னென்ன பாக்டீரியா, என்னென்ன ஈஸ்ட் இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. அப்பாவுக்குத் தயிர் பிடித்தால் டாக்டர் சொன்ன அளவில் சாப்பாட்டில் போடுங்கள்.

சரி, பயோபிலிமையே கரைக்கும் பாக்டீரியாப் பொருள் என்று எதுவும் இல்லையா? இருக்கிறது. ஈறு நோய் உண்டாக்கும் ஒரு வாய்க் கிருமி, தான் குடியிருக்கும் படலத்தை விட்டு வேறிடம் போக நினைக்கும்போது டிஸ்பெர்சின் பி என்ற நொதியைச் சுரக்கிறது. அது கூழின் சர்க்கரைச் சங்கிலியை வெட்டிவிடும். 2003-இல் இதைக் கண்டறிந்தார்கள். நம் தோலில் சாதுவாக வாழும் ஸ்டாஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் கிருமியின் சில வகைகள் சுரக்கும் ஒரு நொதி, ஆரியஸின் படலத்தை அழிக்கிறது என்று 2010-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். 2016-இல் ஜெர்மனியின் டூபிங்கனில், மூக்கில் வாழும் இன்னொரு பாக்டீரியாவிடம் லக்டுனின் என்ற புதிய ஆன்டிபயாடிக் கிடைத்தது. இவை எல்லாம் அசலான கண்டுபிடிப்புகள். ஆனால் இன்றைக்கு உங்கள் ஊர் மருந்துக் கடையில் கேட்டு வாங்கி அப்பாவின் காலில் போடும் நிலையில் எதுவும் இல்லை. "பயோபிலிமைக் கரைக்கும் இயற்கை மருந்து" என்று யாராவது விற்றால் அந்தப் பணத்தை நல்ல செருப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். செருப்பைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

"இயற்கையானதுதானே" என்று கேட்டிருந்தீர்கள். பாலிமிக்சின், நியோமைசின் இரண்டும் ரத்தத்தில் அதிகம் சேர்ந்தால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். நியோமைசின் காதையும் கெடுக்கும். பேசிட்ராசின் ஊசியை, சிறுநீரகப் பாதிப்பு காரணமாகத் திரும்பப் பெறும்படி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே 2020-இல் கம்பெனிகளைக் கேட்டுக்கொண்டது. மூன்றும் இயற்கைதான். ஒரு சின்ன சிராய்ப்பில் ஓரிரு நாள் போட்டால் பயமில்லை. மாதக்கணக்கில் ஆழமான புண்ணில் தூவினால் நியோமைசினால் தோல் ஒவ்வாமை வரலாம், புண்ணின் ஓரம் சிவந்து அரிக்கும், அதையும் நாம் கிருமித் தாக்கம் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் தூவுவோம். பவுடர் கசிவோடு சேர்ந்து அடை மாதிரி இறுகி, கீழே என்ன நடக்கிறது என்பதையே மறைத்துவிடும். ஆகவே பவுடரை நிறுத்துங்கள். பெரும்பாலான வீடுகளில் இருக்கும் மியூபிரோசின் களிம்பும் ஒரு பாக்டீரியா தந்ததுதான், ஸ்டாஃபுக்கு மிக நல்ல மருந்து. ஆனால் சூடோமோனாஸிடம் அதுவும் பலிக்காது. சர்ஜன் எழுதிக் கொடுக்காமல் அதையும் போடாதீர்கள். சர்க்கரைப் புண் ஆறுவதற்காகக் கிருமிநாசினிப் பூச்சுகளை வழக்கமாகப் போட வேண்டாம் என்பதுதான் இப்போது சர்வதேச நிபுணர் குழுவின் பரிந்துரை. ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றி நுரை பார்ப்பதும் வேண்டாம், புதிதாக வளரும் சதையை அது பொசுக்கிவிடும்.

இப்போது சுரண்டுவதைப் பற்றி. அப்பா பயப்படுவது வலிக்குத்தான் என்று நினைக்கிறேன். அவரிடம் இதைச் சொல்லுங்கள்: அடிபாதத்தில் இவ்வளவு பெரிய புண் இருந்தும் வலிக்கவில்லை என்றால் அங்கே நரம்பு மரத்துப்போயிருக்கிறது. ஐந்து மாதம் வலிக்காத இடம், சுரண்டும்போதும் பெரும்பாலும் வலிக்காது. உணர்ச்சி மிச்சமிருந்தால் மரத்துப்போக மருந்து போட்டுத்தான் செய்வார்கள். சுற்றியுள்ள தடித்த காய்ப்பையும், செத்த சதையையும், மேலே படிந்த வழவழப்பையும் எடுத்துவிட்டு, ரத்தம் கசியும் நல்ல சதை தெரியும்வரை போவார்கள். ரத்தத்தைப் பார்த்து நீங்களும் பயப்படாதீர்கள், அது வருவது நல்லது. இதற்கு முன் காலுக்கு ரத்த ஓட்டம் சரியாக இருக்கிறதா என்று டாப்ளரில் பார்த்தார்களா என்று கேளுங்கள். ரத்தம் போகாத காலைச் சுரண்டினால் புண் பெரிதாகிவிடும். அதனால் அது முதல் கேள்வி. எலும்புக்குக் கிருமி போயிருக்கிறதா என்று எக்ஸ்ரேயும் வேண்டும்.

"ஒரு தடவை செய்தால் போதாதா, ஏன் வாராவாரம்?" என்று அப்பா கேட்பார். சுரண்டிய பிறகு படலம் மறுபடி முற்றுவதற்கு ஒன்றிலிருந்து மூன்று நாள்தான் ஆகிறது. அந்த இடைவெளியில்தான் கிருமிகள் பாதுகாப்பில்லாமல் இருக்கும், மருந்து வேலை செய்யும். ஆன்டிபயாடிக் தேவை என்று சர்ஜன் முடிவு செய்தால் அப்போது கொடுப்பதுதான் பலன் தரும். மேலாகப் பஞ்சை ஒற்றி எடுத்த மாதிரி எனக்கு வந்தால், தோலில் சும்மா இருக்கும் கிருமிகளும் சேர்ந்து வளர்ந்து என்னைக் குழப்பிவிடும். சுத்தம் செய்த பின், அடியிலிருந்து ஒரு துளி சதை எடுத்துக் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, அனுப்பச் சொல்லுங்கள். சிவப்பு, வீக்கம், சூடு, சீழ் எதுவும் இல்லாத புண்ணுக்கு ஆன்டிபயாடிக்கே தேவைப்படாமல் போகலாம். அப்படிச் சொன்னால் டாக்டர் அலட்சியம் செய்கிறார் என்று எண்ண வேண்டாம்.

அப்புறம் செருப்பு. கிருமிகளைப் பற்றியே வாழ்நாள் முழுக்கப் படித்த நான் இதைச் சொல்வது உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கலாம். அந்தப் புண் ஆறாமல் இருப்பதற்குக் கிருமியைவிடப் பெரிய காரணம், அதன் மேல் அப்பா நடப்பது. கட்டைவிரலின் அடிப்பக்கம், ஒவ்வொரு அடியிலும் உடம்பின் பாரம் விழும் இடம். வலி தெரிந்தவன் நொண்டி நடந்து அந்த இடத்தைக் காப்பாற்றுவான். வலி தெரியாதவர் அதன் மேலேயே ஊன்றி நடப்பார். வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் கால்புண்களை வைத்து இதை உலகத்துக்கே புரியவைத்தார். தொழுநோய்தான் சதையைத் தின்கிறது என்று எல்லாரும் நம்பிய காலத்தில், உணர்ச்சியற்ற காலில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தம்தான் புண்ணாக்குகிறது என்றார். மாவுக்கட்டுப் போட்டு அந்த அழுத்தத்தைப் பரவலாக்கியதும், வருடக்கணக்கில் ஆறாத புண்கள் ஆறின. இன்று சர்க்கரைப் புண்ணுக்கும் அதுதான் சிறந்த வழி.

என் அத்தைக்கும் இதே இடத்தில்தான் புண். நல்ல மருந்து, நல்ல டிரஸ்ஸிங், சர்க்கரையும் கட்டுக்குள். கல்ச்சர் ரிப்போர்ட் எல்லாம் நானே பார்த்தேன். அவர் தினமும் காலையில் வெறுங்காலோடு கோயிலைச் சுற்றி வந்துகொண்டிருந்தார் என்பதை மட்டும் நான் கேட்கவில்லை. கேட்டபோது இரண்டு விரல்கள் போய்விட்டன. அதனால்தான் முன்பின் தெரியாத உங்களிடம் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். மாவுக்கட்டோ கழற்ற முடியாத பூட்ஸோ போட முடியுமா என்று சர்ஜனிடம் கேளுங்கள். ஆறிய பிறகு எம்.சி.ஆர். என்ற மென்மையான ரப்பர் வைத்த செருப்பு. வீட்டுக்குள்ளும், பூஜை அறைக்குள்ளும் அதுவே. அதற்கென்று தனி ஜோடி ஒன்று சுத்தமாக வைத்துக்கொண்டால் அப்பாவின் மனமும் ஒப்பும்.

காய்ச்சல், குளிர், பாதத்தில் சிவப்பு மேலேறுவது, திடீர் நாற்றம், விரல் கறுப்பது, காரணமில்லாமல் சர்க்கரை எகிறுவது: இதில் ஒன்று தெரிந்தாலும் மறுநாள்வரை காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள், இரவானாலும்.

சதை மாதிரியின் கல்ச்சர் ரிப்போர்ட் கைக்கு வந்ததும், டாப்ளர், எக்ஸ்ரே ரிப்போர்ட்டுகளோடு சேர்த்து மறுபடி எழுதுங்கள். எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படுகிறது, சர்ஜனிடம் என்ன கேட்க வேண்டும் என்று வரிவரியாக விளக்குகிறேன். சுரண்டும் அன்று அப்பாவோடு நீங்கள் உள்ளே இருக்க அனுமதிப்பார்களா என்று முன்கூட்டியே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். கையைப் பிடித்துக்கொள்ள ஆள் இருந்தால் அவர் இரண்டாவது வாரமும் வருவார்.